சாம்பல் அச்சு

கரண்டிக்கு உடம்புச் சூடு இருந்தது. முதலில் தப்பாகப் பட்டது அதுதான்.

போன்சவான் மலையூர்ச் சந்தையில் பனிக்காலத்து விடியலில் எந்த உலோகத்தைத் தொட்டாலும் அது விரலைக் கடித்துவிட்டுத்தான் விடும். தராசுத் தட்டு கடிக்கும், கடைப் பூட்டு கடிக்கும், முந்தின நாள் கழுவிக் கவிழ்த்த சட்டி கடிக்கும். சிவிலை சாக்கை அவிழ்த்து, பழைய போர்க் குண்டுகளை உருக்கித் தங்கை ஊரில் வார்த்த அலுமினியக் கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் பனிக்கட்டி. ஒன்று மட்டும் அப்படி இல்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் பாதத்தைப் போல வெதுவெதுவென்று அவள் உள்ளங்கையில் படுத்துக் கிடந்தது.

சிவிலை லேசில் ஏமாறுகிறவள் இல்லை. சீனத்துத் தகரத்தைக் கொண்டுவந்து குண்டுக் கரண்டி என்று தலையில் கட்டப் பார்த்தவர்களை மோந்து பார்த்தே விரட்டியவள். வெளிநாட்டுக்காரன் கரண்டியைக் கையில் எடுத்ததும், 'இது எங்க வானத்துலேருந்து விழுந்தது' என்று சொல்லும்போது எந்த வார்த்தையில் குரல் கம்ம வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. சாவு வீட்டிலும் கொசுறு கேட்பாள் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவள் அந்தக் கரண்டியை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். தண்ணீர் அதன்மேல் வியர்வையாய் முத்துக் கட்டி நின்றது. சூடு போகவில்லை.

பக்கத்தில் நூடுல்ஸ் விற்கிற பெண்ணிடம் நீட்டினாள். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் கரண்டிக்குக் காய்ச்சல். இத விக்காத, ஆஸ்பத்திரியில சேத்துரு," என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிவிலை கரண்டியைத் திருப்பினாள். குழியின் அடிப்பக்கத்தில், வழக்கமாக அச்சுச் சாம்பல் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி வைத்திருக்கும் இடத்தில், மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்றாக ஓடின. கட்டைவிரல் ரேகை. யாரோ அழுத்தியதால் பதிந்த ரேகை இல்லை. அது பள்ளமாக இருக்கும். இது மேடாக இருந்தது. தோலில் இருக்குமே, அப்படி.

அவள் கரண்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பலகையைக் கவிழ்த்தாள். சந்தை நாளில் அவள் கடையை அடைத்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், அம்மா செத்த அன்று.

*

ஊருக்குப் போகும் சந்தை வண்டியில் கோழிகளுக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தபடி, மடியில் கிடந்த பை தொடையைச் சுட்டுக்கொண்டிருக்க, சிவிலை தங்கையைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனாள்.

தங்கை பெயர் கேவ்மணி. வீட்டில் மணி. கரண்டி வார்க்கிற ஊரில் தாவோன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மழை ஓய்ந்த கையோடு, மூங்கில் குருத்து தோண்டப் போன இடத்தில், தாவோனின் மண்வெட்டி, போரில் வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிய ஒரு பொம்பிக் குண்டின் மேல் பட்டது. எலுமிச்சையைவிடப் பெரியது, தேங்காயைவிடச் சின்னது. அந்த மண்ணில் கிழங்கைவிட அதுதான் அதிகம் முளைக்கும். உயிரோடுதான் அவனை ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றினார்கள். ஏற்றியதும் மணி செய்ய வேண்டியதைச் செய்தாள்.

மனிதனுக்கு முப்பத்திரண்டு உயிர். கண்ணில், காதில், மூட்டில், விரலில் என்று உடம்பெங்கும் குடியிருக்கும். பெரிய பயம் வந்தால் பழுத்த பழமாக உதிர்ந்துவிடும். பொழுது சாய்வதற்குள், உதிர்ந்த இடத்துக்கே அவன் உடுத்திய சட்டையும் ஒரு முட்டையும் ஒரு பிடி சோறும் மீன் அள்ளுகிற வலையும் கொண்டுபோய், பேர் சொல்லிக் கூப்பிட்டு அள்ளி வந்தால், ஆஸ்பத்திரியில் கிடப்பவன் பிழைத்துக்கொள்வான். எல்லா வீட்டிலும் செய்வதுதான். மணி குண்டுக் குழியின் விளிம்பில் நின்று, வா, வீட்டுக்கு வா, சோறு இருக்கு வா என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். வலை கனத்தது என்றாள். வாயை முடிந்து, வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் போன் வந்தது. லாரி இரண்டாவது பாலத்தைத் தொடுவதற்குள்ளேயே தாவோன் போய்விட்டிருந்தான். அவள் வலையை எடுத்துக்கொண்டு மூங்கில் காட்டில் இறங்கும் முன்பே.

உயிரோடு இருப்பவனைக் கூப்பிடலாம். செத்தவனைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வந்துவிடுவான். வந்த பின் நுழைந்துகொள்ள உடம்பு இருக்காது.

குண்டில் போனவனை எரிப்பதில்லை. பேர் சொல்லாமல் காட்டோரம் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அப்படித்தான் வந்தார்கள். தாவோனின் தம்பி இன்பெங் மட்டும் படியில் நின்று, "அந்த வலைய அவுத்து ஆத்துல விட்டுரு அண்ணி," என்றான். மணி தலையாட்டினாள். தலையாட்டியதைச் சிவிலை பார்த்தாள். அவிழ்த்ததை யாரும் பார்க்கவில்லை.

இன்றைக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று சிவிலை முடிவு கட்டியிருந்தாள். சாயங்காலம் இதே வண்டி திரும்பி வரும். வளைவில் நின்று ஹாரன் அடிக்கும். அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். அவள் பேசி முடிக்காத பேரமா.

*

இன்பெங் சாலையோரக் கொட்டகையில் உட்கார்ந்து வளையலுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். மூடுபனி அவன் முதுகுவரை வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஊர் இருக்கிறது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும்.

"வா அக்கா. கரண்டி வாங்க வந்தியா, தங்கச்சிய வாங்க வந்தியா?"

"தங்கச்சிய. என்ன விலை சொல்ற?"

"சும்மாவே கூட்டிட்டுப் போ. மேல ஒரு மூட்டை அரிசியும் நான் தர்றேன்."

"அவ்வளவு பாரமா ஆயிட்டாளாடா உனக்கு?"

இன்பெங் அரத்தைக் கீழே வைத்தான். சிரிப்பு வாயில் மட்டும் மிச்சம் இருந்தது. "பாரமில்ல அக்கா. மழைக்கு அப்புறம் ஊருல ஒருத்தனும் அண்ணிக்கு உருக்க அலுமினியம் குடுக்கல. நானும் குடுக்கல. ஆனா உலை அணையுறதே இல்ல. தெனமும் ஊத்துறாங்க. என்னத்த ஊத்துறாங்க, எனக்குத் தெரியல."

"போய்ப் பாக்க வேண்டியதுதான? உனக்கு என்ன கால் இல்லையா?"

"ஒரு தடவ போனேன்." அவன் வளையலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் ஓட்டை வழியாகப் பனியைப் பார்த்தான். "கறி வேகுற வாசன அடிச்சுது. என்ன அண்ணி, இன்னைக்கு விருந்தான்னு கேட்டேன். கறியே வாங்கலியேன்னு சொன்னாங்க."

சிவிலை பையைத் தோளில் ஏற்றினாள். நடந்தாள். நாலு எட்டில் அரத்தின் சத்தம் கேட்காமல் போயிற்று, பனி தின்றுவிட்டது.

போர்க் குண்டுகளின் காலி ஓடுகளைக் கால்களாக நட்டு நின்றிருந்தது மணியின் வீடு. அதன் அடியில்தான் களிமண் உலை. சுற்றிலும் மற்ற வீடுகளில் நாய் குரைத்தது, உரல் இடித்தது, ஒரு குழந்தை சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தது. இந்த வீட்டைச் சுற்றி மட்டும் எதுவும் இல்லை, கோழி கீறிய தடம்கூட இல்லை. விறகுப் புகையின் வாசனை, சலித்த சாம்பலின் அந்த வறட்டு வாசனை, அவற்றுக்கு அடியில் இனிப்பாக, லேசாக, வேறொன்று. முற்றத்தில், நீளவாட்டில் பிளந்த பெரிய குண்டு ஓடு ஒன்று நாலு கவைக்கம்புகளின் மேல் தொட்டியாக நின்றது. மணி அதில் வெங்காயம் போட்டிருந்தது சிவிலைக்கு நினைவிருந்தது. இப்போது அது விளிம்புவரை சாம்பல். தட்டித் தட்டிச் சமன் செய்த, மாவாய்ச் சலித்த சாம்பல். ஓர் ஆள் படுக்கிற நீளம்.

"குண்டாயிட்ட அக்கா," என்றது ஒரு குரல். "சந்தைச் சாப்பாடு ஒத்துக்குது போல."

மணி உலைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். வலது பாதத்தைத் தரையில் வைக்கத் தெரியாதவளாக, கட்டையை நகர்த்துவதுபோல் நகர்த்தி வந்தாள். முகம் பழைய முகம்தான். கன்னத்தில் அதே குழி. சிவிலை அவளைக் கட்டிக்கொண்டாள். உலையடியில் இருந்து வந்தவளின் உடம்பு கிணற்றுக் கல்லாய்ச் சில்லிட்டிருந்தது.

"என்னடி இப்படி ஆயிட்ட?" என்று இடது காதருகே கேட்டாள். மணி கேட்காததுபோல் நின்றாள். வலது பக்கம் வந்து மறுபடி கேட்டாள்.

"இந்தப் பக்கமே பேசு அக்கா. அந்தக் காது இப்ப எங்கிட்ட இல்ல."

சிவிலை அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அப்போது உலையின் மேல் சட்டி கொதித்து மூடி ஆடியது. மணி கை நீட்டி, துணி எதுவும் இல்லாமல், சிவந்து கிடந்த அந்த இரும்பு மூடியை எடுத்துத் தரையில் வைத்தாள். மெல்ல. அவசரமே இல்லாமல். விரல்களிலிருந்து சுருக்கென்ற சத்தமும் வெண்புகையும் எழுந்தன. அந்த இனிப்பு வாசனை என்ன என்பது சிவிலைக்குப் புரிந்தது.

"மணி, கை. கை வேகுதுடி."

மணி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள், கடையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல. "வேகட்டும். இதுல ஆள் இல்ல அக்கா. குடி மாத்தியாச்சு."

*

மணி எதையும் ஒளிக்கவில்லை. அதுதான் கொடுமை. புது வீடு கட்டுகிறவள் கூரைச் செலவு சொல்வதுபோல் சொன்னாள்.

"அவரு வந்துட்டாரு அக்கா. நான் கூப்பிட்டேன், வந்துட்டாரு. நுழைய ஒடம்பு இல்ல, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க வலைக்குள்ள முண்டிக்கிட்டே கெடந்தாரு. எப்படி அவுத்து ஆத்துல விட? நீ விடுவியா? அவரு விழுந்த குழிக்குள்ளேயே தோண்டினேன். விழுந்த விமானத்தோட இறக்கைத் தகடு ஒன்னு மண்ணுக்குள்ள கெடந்துச்சு, நல்ல அலுமினியம். உருக்கி, வலைய மேல கட்டித் தொங்கவிட்டேன். கொதிக்கிறப்ப ஒன்னொன்னா இறங்குறாரு."

சிவிலை நிமிர்ந்து பார்த்தாள். உலைக்கு நேர் மேலே, புகையில் கறுத்த மீன்வலை, காய்ந்த சுரைக்காய்போல் சுருங்கித் தொங்கியது. காற்று இல்லை. அது அசைந்தது.

"மொதல்ல கரண்டி அச்சுலதான் ஊத்தினேன். எனக்கு வேற என்ன தெரியும்? அப்புறம்தான் புத்தி வந்துச்சு. ஒடம்பு வேணும்னா ஒடம்பு அச்சுல ஊத்தணும். சாம்பல்ல அமுக்கி அச்செடுக்க ஒரு உருவம் வேணுமே. எங்கிட்ட என் ஒடம்புதான இருக்கு?" மணி உதட்டைக் கடித்துச் சிரித்தாள். "அமுக்கி எடுத்தா அந்த எடம் மரத்துப் போகுது. என்னோடதும் கூட எறங்கிருது போல. போகட்டும். அவருக்குத் தொணையா இருக்கும்."

உலைக்கு அப்பால், தூணோடு சாய்ந்து, தாவோனின் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏதோ உட்கார்ந்திருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்ற, அரம் போட்டு இழைத்த உலோகப் பாதம். கணுக்காலில், சடங்கில் கையில் கட்டுகிற வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. தாவோனுக்குப் பலகை மாதிரிக் கால். இது சின்னப் பாதம். இரண்டாவது விரல் மூன்றாவதின் மேல் ஏறிக் கிடந்தது. சிவிலைக்கும் அப்படித்தான். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

கல்யாணத்தன்று இந்தக் காலுக்குத்தான் அவள் புதுச் செருப்பு மாட்டிவிட்டாள். இந்தக் கால் தூக்கத்தில் அவளை எத்தனை தடவை உதைத்திருக்கிறது.

"கெளம்பு மணி. எங்கூட வா. வண்டி வர்ற நேரம்."

"இன்னும் மூஞ்சி பாக்கி அக்கா. அது மட்டும் நிக்க மாட்டேங்குது. ஊத்தினா வெடிச்சுப் போகுது. ஒரு உயிரு கொறையுது. தெரியாத்தனமா ஒரு கரண்டிய சந்தைக்கு அனுப்பிட்டேன் போல." மணி நிமிர்ந்தாள். அவள் கண்ணில் முதன்முதலாக ஈரம் தெரிந்தது. "அது உங்கிட்டதான் வந்துச்சா?"

இந்த இடத்தில் சிவிலை பயந்து ஓடியிருக்கலாம். கரண்டியை ஆற்றில் எறிந்திருக்கலாம். இன்பெங்கைக் கூப்பிட்டுத் தங்கையைக் கட்டித் தூக்கியிருக்கலாம். ஆனால் அவள் சந்தையில் பிறந்தவள். எதிராளிக்கு ஒரு சாமான் வேண்டும், அது தன் பையில் இருக்கிறது என்று தெரிந்த கணத்தில், பயத்தையும் மீறி அவளுக்குள் பழைய வியாபாரி எழுந்து உட்கார்ந்தாள். துக்கம் தலைக்கு ஏறியவளிடம் நியாயம் பேசி என்ன ஆகப் போகிறது? அவள் கேட்கிற காசிலேயே அவளை வாங்கிவிட்டால் தீர்ந்தது. ஒரு கரண்டி அலுமினியம். அதற்கு ஒரு தங்கை.

"இருக்கு," என்றாள். "குடுக்கறேன். ஆனா சாயங்கால வண்டிக்கு நீ எங்கூட வரணும். இங்க ஒரு நிமிஷம் தங்கக் கூடாது."

"வர்றேன்."

"மணி, பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னைக்கு அக்கா பேச்சு மாறியிருக்கேன்? மூஞ்சி முடிஞ்சதும் வர்றேன். நீயே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

சிவிலை துணியை அவிழ்த்துக் கரண்டியைக் கொடுத்தாள். அது கை மாறியதும் மேலே வலை ஒரு தடவை துள்ளியது, தூண்டிலில் மீன் துள்ளுவதுபோல.

"மேல போய் என் துணிய எடுத்து வை. கீழ எறங்காத அக்கா. யாராச்சும் நடந்தா சாம்பல் அதிர்ந்து அச்சு கெட்டுரும்."

*

மேலே அறை இருட்டிக்கொண்டிருந்தது. பிளந்த மூங்கில் தரையின் இடுக்குகள் வழியே உலையின் செந்நிறம் கோடு கோடாக ஏறி வந்து, சுவரில், கொடியில் தொங்கிய தாவோனின் சட்டையில், சிவிலையின் கைகளில் ஓடியது. அவள் பாவாடைகளை மடித்தாள். ஒவ்வொன்றும் புகை நெடி. கீழே சல்லடையின் சரக் சரக். விறகு முறிகிற சத்தம். மணி முணுமுணுக்கிற சத்தம், நடுநடுவே யாரோ பதில் சொல்ல இடம் விட்டு, பிறகு மெல்லச் சிரித்து, மறுபடி முணுமுணுக்கிற சத்தம். புதிதாகக் கல்யாணமானபோது இந்த அறையில் விருந்துக்கு வந்து படுத்திருந்த சிவிலை, கீழே இருவரும் உலையடியில் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள். என்னதான் பேசித் தீர்ப்பார்களோ என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறாள். துணியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு முணுமுணுப்பு நின்றது.

சல்லடையும் நின்றது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். முழங்காலில் குனிந்து, இடுக்கில் கண் வைத்தாள்.

மணி தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கூந்தலை உச்சியில் அள்ளி முடிந்தாள். சமன் செய்த சாம்பலைப் புறங்கையால் ஒரு தடவை தடவிக் கொடுத்தாள், தலையணையைத் தட்டுவதுபோல. கண்களை மூடினாள். சாம்பல் உள்ளே போகாதபடி உதடுகளை இறுக்கினாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். முகத்தைச் சாம்பலுக்குள் வைத்தாள்.

வைத்தபடியே இருந்தாள்.

சிவிலை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். பிடிக்க முடியாமல் விட்டாள். மறுபடி இழுத்தாள். விட்டாள். கீழே முதுகு அசையவில்லை.

அப்புறம் எழுந்தாள் மணி. நேராக எழுந்து, அகப்பையை எடுத்து, சட்டிக்குள் விட்டாள். வெள்ளி நூலாக உலோகம் சாம்பல் குழிக்குள் இறங்கியது. வார்க்கிற ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது. சாம்பல் விடுகிற சின்னப் பெருமூச்சு. இந்தத் தடவை அது நின்றுபோகவில்லை. இழுத்தது. விட்டது. இழுத்தது.

மேலே வலை தட்டையாகத் தொங்கியது.

மணி திரும்பினாள். உலை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. முகமெங்கும் சாம்பல். கண்கள் திறந்திருந்தன. திறந்த கண்ணின் மேல், கருவிழியின் மேல், சாம்பல் படிந்திருந்தது.

இமைக்கவில்லை.

வளைவில் ஹாரன் அடித்தது.

*

சிவிலை ஏணியில் இறங்கினாள். படி தெரியவில்லை. பனி உலைவரை உள்ளே வந்துவிட்டிருந்தது.

பாய் விரித்திருந்தது. சோற்றுக் கூடை திறந்திருந்தது. பாயின் ஒரு பக்கம் மணி. எதிரே, போர்வை நழுவி, அது. தோள், கை, மார்பு எல்லாம் வெள்ளைத் தகடு. உள்ளே வெறும் பொள்ளல். மூட்டுக்கு மூட்டு வெள்ளை நூல். கழுத்தின் மேல் சூடு அடங்காத முகம். மூக்கின் ஓரம் சாம்பல். கன்னத்தில் குழி. தங்கையின் முகம். கண் மூடிய முகம். வாய் மூடிய முகம்.

வேறெப்படி இருக்கும்? அச்சு எப்படியோ, வார்ப்பு அப்படி.

மணியின் கை ஒட்டரிசிச் சோற்றைக் கிள்ளி உருட்டியது. நீட்டியது. மூடிய உதட்டில் வைத்தது. சோறு கீழே விழுந்தது. கை மறுபடி கூடைக்குப் போனது. கிள்ளியது. உருட்டியது. வைத்தது. விழுந்தது. பாயில் விழுந்த உருண்டைகள் வரிசையாகக் கிடந்தன.

"மணி, வண்டி வந்துருச்சு. எந்திரி."

கை கூடைக்குப் போனது.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஆடியது. நின்றது. மார்பில் மூச்சு இருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. "வர்றேன்னு சொன்னியேடி. பேச்சு குடுத்தியே."

அப்போது தட்டுகிற சத்தம் கேட்டது.

மணியிடமிருந்து இல்லை. எதிரேயிருந்து. உள்ளேயிருந்து. மூடிய சட்டிக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல. ஆழத்தில், வயிற்றுப் பக்கத்தில், ஓர் ஆண் குரல், வழி தெரியாமல் அலைகிற குரல். மணி. மணி. எங்க இருக்க. எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து மணி சோறு உருட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேலே, கழுத்தருகே, உதடுகளுக்குச் சற்றுப் பின்னால், இன்னொரு குரல்.

"அக்கா."

சிவிலை பின்னால் நகர்ந்தாள். தூண் முதுகில் இடித்தது.

"அக்கா. திறக்க முடியல."

தகடு தகட்டில் உரசியது. நூல்கள் இறுகின. அது ஒரு முழங்காலை ஊன்றியது. மறு முழங்காலை ஊன்றியது. எழுந்தது. கண் மூடியபடி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, காற்றில் கையைத் துழாவிக்கொண்டு வந்தது. தூணைத் தொட்டது. சிவிலையின் தோளைத் தொட்டது. கை வழியே இறங்கி வந்து, உள்ளங்கைக்குள் தன் விரல்களை நுழைத்துக்கொண்டது. சின்ன விரல்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் அவள் இறுக்கிப் பிடித்து இழுத்துப் போன அதே விரல்கள்.

ஹாரன் மறுபடி அடித்தது. நீளமாக.

சிவிலை நடந்தாள். நடந்தாளா, இழுத்துச் செல்லப்பட்டாளா, தெரியவில்லை. முற்றம். பாதை. பனி. பின்னால் வீட்டடியில் சோற்றுருண்டை பாயில் விழுகிற மெத்தென்ற சத்தம். இன்னொன்று. இன்னொன்று. பிறகு அதையும் பனி தின்றது. இன்பெங்கின் கொட்டகையில் விளக்கு இல்லை. பக்கத்தில், நூல் முறுகுகிற சத்தத்தோடு, ஓர் எட்டு. ஓர் எட்டு.

வளைவில் வண்டி நின்றிருந்தது. ஓட்டுகிறவன் விளக்கைத் திருப்பினான். பனி வெள்ளையாகக் கிழிந்தது.

"யாரு அக்கா கூட? தங்கச்சியா?"

கையை உதறச் சொல்லிச் சிவிலையின் உடம்பு கதறியது. அவள் உதறவில்லை. தங்கையின் கை அது.

வெளிச்சத்தில் முகம் அவள் பக்கம் திரும்பி நின்றது. ஒட்டிக்கொண்ட இமைகளுக்கு அடியில் ஏதோ உருண்டு உருண்டு தேடியது. இறுக்கிய உதடுகளுக்குப் பின்னால் இரண்டு பேர், ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காமல், மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.